கோதுமை பீர்: முரண்படும் கருத்துகளை ஒப்பிட்டுப் பார்க்கும் முறை

கோதுமை பீர் குடித்த மூவரிடம் கருத்துக் கேட்டால், ஒருவர் பழுத்த வாழைப்பழ மணம் அருமை என்பார். இன்னொருவர் கிராம்பு நெடி தாங்கவில்லை என்பார். மூன்றாமவர் மணமும் இல்லை, குணமும் இல்லை, சப்பென்று இருந்தது என்பார். மூவரும் உண்மையையே சொல்லியிருக்கக்கூடும். கோதுமை பீர் என்ற ஒரே பெயரின் கீழ் வெவ்வேறு நாடுகளில் வெவ்வேறு முறைகளில் உருவான பல பீர்கள் விற்கப்படுகின்றன. அவற்றுள் ஒன்றையே எடுத்துக்கொண்டாலும், புட்டியின் வயது, குளிர்ச்சி, ஊற்றிய விதம் ஆகியவற்றைப் பொறுத்து அதன் மணமும் சுவையும் மாறுகின்றன. போதாக்குறைக்கு, குடிப்பவர் வழக்கமாக எதைக் குடிப்பவர் என்பதும் தீர்ப்பில் கலந்துவிடுகிறது. ஆகவே இரண்டு கருத்துகளை அருகருகே வைத்து எது சரி என்று முடிவு செய்வதற்கு முன், எந்த வகை, எந்த நிலையில், யாருடைய நாவில் என்ற மூன்றையும் தனித்தனியே பிரித்துப் பார்க்க வேண்டும். அதை எப்படிச் செய்வது, பிறகு நீங்களே நண்பர்களுடன் எப்படி ஒப்பிட்டுச் சுவைப்பது என்பதை இந்த வழிகாட்டி விளக்குகிறது.

எந்தக் கோதுமை பீர் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

ஜெர்மனியின் பவேரியா மாநிலத்து வைஸ்பியர் அல்லது ஹெஃபவைசனிலிருந்து (சுருக்கமாக வைசன்) தொடங்குவது நல்லது. ஏனெனில் கோதுமை பீரைப் பற்றிய சச்சரவுகளில் பாதி இங்கேதான் பிறக்கிறது. ஜெர்மானிய விதிகளின்படி இதில் பயன்படும் மால்ட்டில் (முளைக்கவைத்து உலர்த்திய தானியம்) குறைந்தது 50 சதவீதம் கோதுமை மால்ட்டாக இருக்க வேண்டும். மேல்மட்ட நொதித்தலுக்குரிய ஏல் வகை ஈஸ்ட்டால் நொதிக்க வேண்டும். பலரும் நினைப்பதற்கு மாறாக, இதன் அடையாளமான மணத்துக்குக் கோதுமை காரணமில்லை. கோதுமை தருவது மென்மையான ரொட்டிச் சுவையும், புரதத்தால் வரும் கனமும், நிலைத்து நிற்கும் நுரையும்தான். வாழைப்பழ மணம், ஈஸ்ட் உண்டாக்கும் ஐசோஅமைல் அசிடேட் என்ற எஸ்டரிலிருந்து (பழ மணம் தரும் வேதிப்பொருள்) வருகிறது. கிராம்பு மணம், தானியத்தில் உள்ள ஃபெருலிக் அமிலத்தை அதே ஈஸ்ட் 4-வினைல் குவையகால் என்ற பொருளாக மாற்றுவதால் வருகிறது. மால்ட்டை வெந்நீரில் ஊறவைக்கும் கட்டத்தில் ஏறத்தாழ 44 பாகை செல்சியஸில் சற்று நேரம் நிறுத்தி வைத்தால் ஃபெருலிக் அமிலம் அதிகமாக விடுபட்டு, கிராம்பு தூக்கலாகிறது. நொதித்தலின் வெப்பநிலையைக் கூட்டினால் பொதுவாக வாழைப்பழம் முன்னுக்கு வருகிறது. அதாவது இரண்டு ஆலைகள் ஒரே ஈஸ்ட்டை வாங்கினாலும் ஒன்றில் வாழையும் மற்றொன்றில் கிராம்பும் மேலோங்கலாம். இது பீர் தயாரிப்பவர் தெரிந்தே செய்யும் தேர்வு. எனவே "கிராம்பு அதிகம்" என்று ஒருவர் எழுதுவதைக் குறையாக எடுத்துக்கொள்ளாமல், அந்த ஆலையின் விருப்பத்தைப் பற்றிய தகவலாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

பவேரியக் குடும்பத்துக்குள்ளேயே கிளைகள் உண்டு. வடிகட்டித் தெளிவாக்கப்பட்டது கிறிஸ்டால்வைசன். கருமையான மால்ட் சேர்ந்தது டுங்கெல்வைசன். கனமும் ஆல்கஹாலும் கூடியது வைசன்பாக். ஃபிரைசிங் நகரத்து வைஹென்ஸ்டெஃபான் ஆலையின் ஹெஃபவைஸ்பியர் 5.4 சதவீத ஆல்கஹால் கொண்ட, வெளிர் நிறமுடைய, வாழைப்பழம் முன்னிற்கும் பீர். ஷ்னைடர் ஆலையின் ஒரிஜினலும் அதே 5.4 சதவீதம்தான், ஆனால் நிறம் செம்பழுப்பு, கிராம்பும் மால்ட்டும் கூடுதல். ஒன்றைக் குடித்து வளர்ந்தவர் மற்றதைக் குறைத்து மதிப்பிடுவதை அடிக்கடி பார்க்கலாம். ஷ்னைடரின் அவென்டினஸ் 1907 முதல் தயாரிக்கப்படும் வைசன்பாக். 8.2 சதவீத ஆல்கஹாலுடன் உலர்திராட்சையும் பழுத்த வாழையும் கலந்த மணம் தரும் இதை மற்ற இரண்டுடன் ஒரே அளவுகோலில் நிறுத்தக் கூடாது. இன்று பவேரியாவின் அன்றாடப் பானமாகிவிட்ட இந்தக் கோதுமை பீர், 1516-இல் வந்த தூய்மைச் சட்டத்தின் கீழ் பொதுவாக யாரும் தயாரிக்க முடியாததாக இருந்தது. பார்லி, ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பும் மணமும் தரும் பூ), தண்ணீர் ஆகியவற்றை மட்டுமே அந்தச் சட்டம் அனுமதித்தது. கோதுமை பீருக்குத் தனி உரிமை வேண்டியிருந்தது. 1602-இல் அந்த உரிமை பவேரியாவின் ஆளும் குடும்பத்திடம் சென்று நெடுங்காலம் அரச ஏகபோகமாகவே நீடித்தது. மக்களின் நாட்டம் குறைந்துபோன 19-ஆம் நூற்றாண்டில், 1872-இல், முதலாம் கியார்க் ஷ்னைடர் அரசரிடமிருந்து அந்த உரிமையைப் பெற்றார்.

பெல்ஜியத்தின் விட்பியர் முற்றிலும் வேறு வழியில் செல்கிறது. இதில் முளைக்கவைக்காத கோதுமை கணிசமாகச் சேர்கிறது; கொத்தமல்லி விதையும் குராசாவ் ஆரஞ்சின் உலர்ந்த தோலும் மணமூட்டுகின்றன. ஹோகார்டன் என்ற ஊரில் இந்த வகையின் கடைசி ஆலை 1950-களில் மூடப்பட்ட பிறகு, 1960-களின் நடுவில் பியர் செலிஸ் என்பவர் அதை மீட்டெடுத்தார். இன்று அந்த ஊரின் பெயரே 4.9 சதவீத ஆல்கஹால் கொண்ட அந்த பீரின் பெயராக உலகெங்கும் அறியப்படுகிறது. விட்பியரைப் பற்றி ஐரோப்பியர் எழுதும் குறிப்புகளில் "இனம் தெரியாத மசாலா மணம்" என்ற வகைச் சொற்கள் வரும். தனியாவை வறுத்துப் பொடிக்கும் வீட்டில் வளர்ந்தவருக்கு அதில் இனம் தெரியாதது ஒன்றுமில்லை; முதல் மிடறிலேயே கொத்தமல்லி என்று பிடிபட்டுவிடும். அதனாலேயே நம்மவர்களில் சிலருக்கு அது மிகையாகத் தோன்றுகிறது. வேற்று நாட்டவர் எழுதிய மதிப்பீட்டில் மணத்தின் அளவைப் பற்றிய சொற்களை அப்படியே நம்பாமல் இருப்பதற்கு இதைவிடத் தெளிவான காரணம் தேவையில்லை.

அமெரிக்கக் கோதுமை பீரில் பவேரிய வகையின் வாழைப்பழ மணமும் கிராம்பு மணமும் இருப்பதில்லை. ஓரிகன் மாநிலத்தின் போர்ட்லாந்தில் விட்மர் சகோதரர்கள் 1986-இல் வடிகட்டாத கோதுமை பீரை ஹெஃபவைசன் என்ற பெயரிலேயே விற்கத் தொடங்கினார்கள். அவர்கள் பயன்படுத்திய ஈஸ்ட் வாழைப்பழமும் கிராம்பும் தராத வகையைச் சேர்ந்தது. எலுமிச்சைத் துண்டு செருகிய கோப்பையில் அதைக் குடித்துப் பழகியவர்கள் பவேரியப் புட்டியைத் திறக்கும்போது பீர் கெட்டுவிட்டதோ என்று ஐயப்படுகிறார்கள். பவேரியப் பழக்கம் உள்ளவர்களோ அமெரிக்க பீரில் ஈஸ்ட் மணமே இல்லை என்று குறை எழுதுகிறார்கள். இரண்டு குறிப்புகளுமே பீரைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. எழுதியவரின் எதிர்பார்ப்பை மட்டுமே சொல்கின்றன.

புளிப்பு வகைகளைத் தனியே வைத்துக்கொள்ளுங்கள். பெர்லினர் வைஸ லாக்டிக் அமிலப் புளிப்பும் ஏறத்தாழ 3 சதவீத ஆல்கஹாலும் கொண்டது. பெர்லினில் ராஸ்பெர்ரி சிரப் கலந்தும் தருவார்கள். லைப்சிக் நகரத்தோடு இணைத்துப் பேசப்படும் கோஸவில் புளிப்புடன் உப்பும் கொத்தமல்லியும் உண்டு. பிரஸ்ஸல்ஸைச் சுற்றியுள்ள பகுதியின் லாம்பிக்கில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு முளைக்காத கோதுமை சேர்ந்தாலும், காற்றிலும் மரப்பீப்பாய்களிலும் உள்ள நுண்ணுயிரிகளால் தானாக நொதித்து ஆண்டுக்கணக்கில் முதிரும் அதைப் பொதுவாகக் கோதுமை பீர் என்று அழைப்பதில்லை.

இந்தியாவில் இந்தக் குழப்பத்துக்கு இன்னொரு பரிமாணம் உண்டு. 2015-இல் சந்தைக்கு வந்த பிரா 91 வைட், கசப்புக் குறைந்த, பெல்ஜிய வழியை ஒட்டிய கோதுமை பீர். பலருக்கும் அதுவே முதல் அறிமுகம். அதே எதிர்பார்ப்புடன் பெங்களூரில் ஒரு மைக்ரோபுரூவரிக்கு (தானே பீர் தயாரித்து அங்கேயே பரிமாறும் சிறு ஆலை) சென்று, உதாரணமாக இந்திராநகரில் 2010-இல் தொடங்கிய டாயிட்டில் வைஸ் கேட்பவர், வாழைப்பழ மணத்தைக் கண்டு வியப்படைவது இயல்பு. பட்டியலில் வெறுமனே "வீட் பீர்" என்று போட்டிருந்தால், பெல்ஜிய வகையா, ஜெர்மானிய வகையா என்று பரிமாறுபவரைக் கேட்டுவிடுங்கள். கொத்தமல்லி சேர்த்ததா என்ற ஒரு கேள்வியே பெரும்பாலும் விடையைக் கொடுத்துவிடும்.

பீர் எந்த நிலையில் இருந்தது

வகை தெளிவான பிறகு, கருத்துச் சொன்னவரின் கோப்பைக்கு அந்த பீர் எந்த நிலையில் வந்து சேர்ந்தது என்று பார்க்க வேண்டும். கோதுமை பீர் பெரும்பாலும் புதிதாகக் குடிக்க வேண்டியது. நாள்பட வைசனின் வாழைப்பழ மணமும் கிராம்பு மணமும் இரண்டுமே மங்குகின்றன. சேமிப்பு இடம் வெப்பமாக இருந்தால் இந்தச் சரிவு விரைவுபடுகிறது. முனிக்கில் ஆலையிலிருந்து சில வாரங்களில் வந்த புட்டியைக் குடித்தவரும், கப்பலில் பயணம் செய்து, குளிரூட்டப்படாத கிடங்கில் ஒரு கோடையைக் கழித்த அதே புட்டியைச் சென்னையில் குடித்தவரும் ஒரே பீரைப் பற்றி விவாதிப்பதாக எண்ணிக்கொள்வது வீண். ஆகையால் இறக்குமதிப் புட்டியை வாங்கும்போது காலாவதித் தேதியை மட்டும் பார்க்காமல், தயாரித்த தேதி இருந்தால் அதையும் பாருங்கள். பிறர் எழுதிய மதிப்பீட்டில் தேதியோ, புட்டியா குழாயா என்ற விவரமோ இல்லையென்றால் அதன் எடையைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

மைக்ரோபுரூவரியில் நிலைமை நேர்மாறானது. அங்கே பீர் புதியதாகத்தான் இருக்கும். ஆனால் ஒரு தொகுப்புக்கும் அடுத்த தொகுப்புக்கும் வேறுபாடு பெரிதாக இருக்கலாம். சில மாதங்களுக்கு முன் எழுதப்பட்ட பாராட்டோ வசையோ இன்று தொட்டியில் இருக்கும் பீருக்குப் பொருந்தும் என்று உறுதி கூற முடியாது.

ஊற்றும் முறையும் தீர்ப்பை மாற்றுகிறது. ஹெஃபவைசன் புட்டியின் அடியில் ஈஸ்ட் படிந்திருக்கும். உயரமான கோப்பையைக் குளிர்ந்த நீரில் அலசி, சாய்த்துப் பிடித்து, மெதுவாக முக்கால் பங்குக்கு மேல் ஊற்றிய பிறகு, மீதியைப் புட்டியிலேயே சுழற்றி அடிவண்டல் கலங்கியதும் ஊற்ற வேண்டும். கடைசிப் பகுதியைப் புட்டியிலேயே விட்டுவிட்டவர் தெளிவான, மெலிந்த பீரைக் குடித்திருப்பார்; ஒரே புட்டியை இரண்டு பேர் பங்கிட்டால் முதல் கோப்பையில் தெளிவும் இரண்டாவதில் வண்டலும் போய்ச் சேர்ந்து, இருவரும் வாதாடத் தொடங்குவார்கள். கோப்பையில் பாத்திரம் துலக்கும் சோப்பின் எச்சமோ எண்ணெய்ப் பிசுக்கோ இருந்தால் நுரை நிற்காது. "நுரையே இல்லை" என்ற புகாருக்குப் பல நேரங்களில் இதுதான் காரணம். குளிர்ச்சியைப் பொறுத்தவரை 8 பாகை செல்சியஸ் அளவு பொருத்தமானது. உறைநிலையை நெருங்கிய பீரில் மணம் எழுவதே இல்லை என்பதால், நம் ஊர் குளிர்பெட்டியிலிருந்து எடுத்ததும் சில நிமிடங்கள் காத்திருப்பது நல்லது.

எலுமிச்சைத் துண்டைப் பற்றி ஒரு வார்த்தை. வெயில் நாளில் அதன் இன்பத்தை மறுக்க மாட்டேன். ஆனால் ஒப்பிட்டுப் பார்க்கும் நோக்கம் இருந்தால் அதை விலக்கிவிடுங்கள். அதன் மணம் ஈஸ்ட்டின் மணத்தை மூடிவிடுகிறது, தோலின் எண்ணெய் நுரையையும் குலைக்கிறது. எலுமிச்சையோடு குடித்துவிட்டு எழுதிய மதிப்பீடு, எலுமிச்சையின் மதிப்பீடே.

குறையா, வகையின் இயல்பா

ஒரு கருத்தை ஏற்பதா தள்ளுவதா என்று தீர்மானிக்க மிகவும் உதவுவது இந்தப் பிரிவினைதான். பெர்லினர் வைஸயில் புளிப்பு இயல்பு. ஹெஃபவைசனில் கூர்மையான புளிப்பு தொற்றின் அறிகுறி. வைசனில் கிராம்பு இயல்பு. பில்ஸ்னர் என்ற தெளிந்த வெளிர் பீரில் கிராம்பு மணம் வந்தால் வேண்டாத ஈஸ்ட் ஏதோ நுழைந்திருக்கிறது. வைசனில் கலங்கல் இயல்பு. ஆனால் சுழற்றியும் கரையாமல் செதில் செதிலாக மிதந்தால் புட்டி பழையது. வெண்ணெய் மணம் தரும் டையசிட்டைல் இந்த வகைகள் எதிலுமே இருக்கக் கூடாது. ஈரமான அட்டைப் பெட்டியை நினைவூட்டும் மணம் ஆக்சிஜன் புகுந்து நாள்பட்டதைக் காட்டுகிறது. மருந்துக்கடை நெடியைக் கிராம்போடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அது பெரும்பாலும் தண்ணீரில் இருந்த குளோரினால் வந்த குறை. சோயா சாஸைப் போன்ற மணம், அடியில் கிடந்த ஈஸ்ட் செத்துச் சிதைந்ததால் வருவது. தெளிந்த அல்லது பச்சை நிறப் புட்டியில் வெளிச்சம் பட்டுவிட்டால் ஹாப்ஸின் கசப்புப் பொருள் சிதைந்து ஒரு துர்நாற்றம் எழும். பழுப்புப் புட்டி அதைப் பெருமளவு தடுக்கும்.

ஒருவர் "மோசம்" என்று எழுதும்போது மேலே சொன்ன குறைகளில் ஒன்றைப் பெயர் சொல்லி எழுதினால் அந்தக் கருத்து மதிப்புடையது. உங்கள் புட்டியில் அது இருக்கிறதா என்று நீங்களே சரிபார்க்கலாம். வெறுமனே "விசித்திரமான சுவை" என்றால், அவருக்கு அந்த வகை புதிது என்பதைத் தாண்டி அதில் எடுத்துக்கொள்ள எதுவுமில்லை.

மதிப்பெண்களைப் படிக்கும் விதம்

மதிப்பெண்கள் இரண்டு வேறுபட்ட கேள்விகளுக்கு விடையாகத் தரப்படுகின்றன. போட்டி நடுவர்கள், இந்த பீர் தன் வகைக்கு எவ்வளவு பொருத்தமாகத் தயாரிக்கப்பட்டிருக்கிறது என்று பார்க்கிறார்கள். அமெரிக்காவில் தொடங்கி இன்று பல நாடுகளில் பின்பற்றப்படும் பிஜேசிபி நடுவர் அமைப்பின் தாளில் மொத்தம் 50 மதிப்பெண்கள்: மணத்துக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயுணர்வுக்கு 5, ஒட்டுமொத்த எண்ணத்துக்கு 10. கலங்கலையும் நிறத்தையும் பற்றி நம் நண்பர்கள் எவ்வளவு நேரம் பேசினாலும் அதற்கு 3-க்கு மேல் இடமில்லை என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். பொதுமக்கள் மதிப்பிடும் செயலிகளிலோ கேள்வி வேறு: எனக்கு எவ்வளவு பிடித்தது? அங்கே கனமான, அரிதான, ஆல்கஹால் மிகுந்த பீர்கள் இயல்பாகவே மேலே ஏறிவிடுகின்றன. இம்பீரியல் ஸ்டவுட்டுகள் உச்சியில் அமர்ந்திருக்கும் பட்டியலில், 3 சதவீத பெர்லினர் வைஸ நடுவில் கிடப்பதைக் கொண்டு அதைத் தரக்குறைவானது என்று முடிவு செய்யக் கூடாது. அந்தச் செயலிகளைப் பயன்படுத்தும்போது, மொத்தப் பட்டியலைப் பார்க்காமல், ஒரே வகைக்குள் மட்டும் மதிப்பெண்களை ஒப்பிடுங்கள். அதன் பிறகு, மதிப்பெண்ணைவிட எழுத்தைப் படியுங்கள்.

எழுதியவரின் பிற மதிப்பீடுகளையும் ஒரு நோட்டம் விடுவது பயன் தரும். அவர் உயர்ந்த மதிப்பெண் தந்தவை எல்லாம் ஐபிஏ (இந்தியா பேல் ஏல்) என்ற கசப்பான வகையாக இருந்தால், வைசனைப் பற்றி அவர் "கசப்பே இல்லை" என்று சலித்துக்கொள்வதற்கு வியப்படைய வேண்டியதில்லை. பிஜேசிபி வரையறையில் வைஸ்பியரின் கசப்பு 8 முதல் 15 ஐபியூ (கசப்பை அளக்கும் அலகு) வரை. அமெரிக்க ஐபிஏவுக்கு 40 முதல் 70 வரை. அவர் குறையாகச் சொல்வது, அந்த பீர் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது என்பதற்கான சான்று. உங்களுக்குப் பிடித்த பீர்களைத் தொடர்ந்து வெறுக்கும் ஒருவர் கிடைத்தால் அவரையும் விட்டுவிடாதீர்கள். அவருடைய வெறுப்பு நிலையானதாக இருந்தால், உங்களுக்கு அதுவே நம்பகமான பரிந்துரை.

நீங்களே ஒப்பிட்டுச் சுவைப்பது

நான்கு அல்லது ஐந்து பீர்களுக்கு மேல் வேண்டாம். ஒவ்வொன்றிலும் ஆளுக்கு 100 மில்லி போதும். அதற்கு மேல் போனால் நாவும் மூக்கும் சோர்ந்து, கடைசியாக வரும் பீருக்கு நியாயம் கிடைக்காது. வீடு திரும்ப யாரும் வண்டி ஓட்டாதபடி முன்பே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். மெலிந்ததிலிருந்து கனமானதற்கும், கசப்புக் குறைந்ததிலிருந்து கூடியதற்கும் செல்ல வேண்டும். விட்பியர், அமெரிக்கக் கோதுமை பீர், ஹெஃபவைசன், டுங்கெல்வைசன் அல்லது வைசன்பாக் என்பது நல்ல வரிசை. ஐபிஏ சேர்ப்பதென்றால் அது கடைசியில் வரட்டும். அதன் கசப்பு நாவில் தங்கி அடுத்து வரும் மெல்லிய பீரைத் தண்ணீராக்கிவிடும். புளிப்பு வகைகளை இன்னொரு நாளுக்கு ஒதுக்குவதே என் பரிந்துரை.

சைட் டிஷ் விஷயத்தில் நம்மவர்களுக்குக் கொஞ்சம் கட்டுப்பாடு தேவைப்படும். மிளகாய்க் காரம் ஏறிய நாவில் கிராம்பும் கொத்தமல்லியும் எடுபடாது. மிக்சரும் சுக்காவும் ஒப்பீடு முடிந்த பிறகு வரட்டும். அதுவரை தண்ணீரும் உப்பில்லாத ரொட்டியும் போதும். அறையில் ஊதுவத்தி, வாசனைத் திரவியம், சமையல் தாளிப்பு எதுவும் இருக்கக் கூடாது.

பெயர்ச்சீட்டைப் பார்த்துவிட்டால் மனம் முன்கூட்டியே தீர்ப்பு எழுதிவிடும் என்பதால், ஒருவர் மட்டும் வேறு அறையில் ஊற்றி, எண் இட்ட கோப்பைகளைக் கொண்டுவர வேண்டும். அவர் ஒவ்வொரு புட்டியையும் முழுவதுமாக ஒரு குடுவையில் ஊற்றிக் கலந்து, பிறகு பங்கிட்டால்தான் வண்டல் எல்லோருக்கும் சமமாகப் போகும். மற்றவர்கள் முதலில் மணத்தை முகர்ந்து, பிறகு சுவைத்து, பேசாமல் எழுத வேண்டும். பேசாமல் என்பதை வலியுறுத்துகிறேன்; கூட்டத்தில் யாராவது ஒருவர் "வாழைப்பழம்" என்று சொல்லிவிட்டால், அடுத்த நொடியிலிருந்து எல்லோருக்கும் வாழைப்பழமே தெரியும், அதன் பிறகு திரட்டும் கருத்துகள் அனைத்தும் ஒரே ஒருவருடைய கருத்தாகிவிடும்.

தாளில் ஒவ்வொரு பீருக்கும் இரண்டு வரிகள் ஒதுக்குங்கள்: தன் வகைக்கு ஏற்றபடி இருக்கிறதா என்பது ஒன்று, எனக்குப் பிடித்ததா என்பது மற்றொன்று. இரண்டையும் ஒரே எண்ணாகச் சுருக்காதீர்கள். நன்றாகச் செய்யப்பட்டிருக்கிறது, ஆனால் எனக்கு வேண்டாம் என்று எழுத இடம் கொடுத்துவிட்டால், விவாதங்களில் பெரும்பாலானவை எழவே மாட்டா.

இரண்டு வைசன்களுக்கிடையே பெரிய வேறுபாடு இருப்பதாக யாராவது அடித்துச் சொன்னால் முக்கோணச் சோதனை வைத்துப் பார்க்கலாம். மூன்று கோப்பைகள், இரண்டில் ஒரே பீர், ஒன்றில் மற்றது, தனித்ததைக் கண்டுபிடிக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலும் மூன்றில் ஒரு முறை சரியாகிவிடும் என்பதால், ஒரு வெற்றியை வைத்து எதுவும் முடிவு செய்ய வேண்டாம். பல முறை, கோப்பைகளின் இடத்தை மாற்றி மாற்றி வைத்துப் பாருங்கள். வாழையும் கிராம்பும் பற்றி உறுதியாகப் பேசுபவர்கள் இந்தச் சோதனைக்குப் பிறகு குரலைத் தாழ்த்திக்கொள்வது உண்டு.

பிற வகைகளோடு ஒப்பிடும்போது

கோதுமை பீர் சிறந்ததா, ஐபிஏ சிறந்ததா என்ற கேள்விக்கு விடை கிடையாது. ஆனால் ஒன்றைப் பிடித்தவருக்கு வேறு எது பிடிக்கும் என்ற கேள்விக்கு உண்டு, அதற்கு மேலே சொன்ன ஈஸ்ட் விவரம் கைகொடுக்கிறது. வைசன் பிடிக்கும் என்று சொல்பவர் பெரும்பாலும் கோதுமையை அல்ல, ஈஸ்ட்டின் பழ மணத்தையோ மசாலா மணத்தையோதான் விரும்புகிறார். ஆகவே அவருக்கு இன்னொரு கோதுமை பீரைக் கொடுப்பதைவிட, வாழைப்பழ மணம் பிடித்திருந்தால் பெல்ஜிய டிரிப்பெல் அல்லது டுப்பெல், கிராம்பும் மிளகும் பிடித்திருந்தால் சேசான் கொடுப்பது பொருத்தமாக இருக்கும். விட்பியரின் ஆரஞ்சும் கொத்தமல்லியும் பிடித்தவர் கோஸவை முயலலாம். அமெரிக்கக் கோதுமை பீரின் இலகுத்தன்மை பிடித்தவருக்குக் கலோன் நகரத்தின் கோல்ஷோ, பவேரிய ஹெல்லெஸ் லாகரோ நெருங்கிய உறவு. ஹெஃபவைசன் தூரத்து உறவுதான்.

கலங்கலை வைத்து உறவு தேடும் தவற்றையும் இங்கே சொல்ல வேண்டும். நியூ இங்கிலாந்து ஐபிஏ ஹெஃபவைசனைப் போலவே கலங்கியிருக்கும், அதில் கோதுமையும் ஓட்ஸும் சேர்ப்பதும் உண்டு. ஆனால் அதன் மாம்பழ, சாத்துக்குடி மணம் ஹாப்ஸிலிருந்து வருகிறது. பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும் இரண்டையும் ஒன்றாக நினைத்து வாங்கியவர்கள் எழுதும் ஏமாற்றக் குறிப்புகள் ஏராளம். ஸ்டவுட்டோடு ஒப்பிடுவதில் பொருளே இல்லை. வறுத்த பார்லியின் காப்பிச் சுவை வேறு உலகம். பில்ஸ்னரோடு ஒப்பிடுவது பயனுள்ளது, ஏனெனில் ஈஸ்ட் ஒதுங்கி நின்று மால்ட்டும் ஹாப்ஸும் மட்டும் பேசும் பீர் அது. இரண்டையும் அடுத்தடுத்துக் குடித்தால் ஈஸ்ட் என்ன செய்கிறது என்பது விளங்கிவிடும். முதல் ஒப்பீட்டுக்கு ஒரு ஜோடியைப் பரிந்துரைக்கச் சொன்னால் நான் இதையே சொல்வேன்.

உங்கள் கருத்தை எழுதும்போது

பிறருக்குப் பயன்படும் கருத்தில், பீரின் வகை, தயாரித்த தேதி அல்லது எங்கே குழாயிலிருந்து குடித்தீர்கள் என்ற விவரம், வண்டல் கலந்து ஊற்றினீர்களா என்பது, முதலில் எழுந்த மணம், கடைசியில் நாவில் நின்ற சுவை, எதனோடு ஒப்பிட்டீர்கள் என்பது ஆகியவை இருக்க வேண்டும். பிடித்ததா இல்லையா என்பது இவற்றுக்குப் பிறகு வரட்டும். உதாரணமாக, "பவேரிய வகை, குழாயிலிருந்து, மிகக் குளிர்ச்சியாக வந்ததால் சற்று ஆறவிட்டேன், வாழைப்பழம் மிதமாக, கிராம்பு தூக்கலாக, நுரை கடைசிவரை நின்றது, முடிவில் லேசான வெண்ணெய் மணம், அது குறை, வைஹென்ஸ்டெஃபானைவிட மெலிந்தது, இந்தத் தொகுப்பை மறுபடி வாங்க மாட்டேன், அடுத்த தொகுப்பைப் பார்ப்பேன்" என்று எழுதினால், கிராம்பை வெறுப்பவரும் விரும்புபவரும் அதைப் படித்துத் தமக்கு வேண்டிய முடிவை எடுத்துக்கொள்ள முடியும். அதே பீரை மறுமுறை குடிக்கும்போது பழைய குறிப்பைப் பார்க்காமல் புதிதாக எழுதி, பிறகு இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். எவை இரண்டு முறையும் மாறாமல் வந்தனவோ அவற்றையே பீரைப் பற்றிய செய்தியாகக் கொள்ளலாம், மற்றவற்றை அன்றைய வெயிலின் கணக்கிலும் கூடியிருந்தவர்களின் கணக்கிலும் எழுதிவிடலாம்.